சபைக் கணக்கில் ஐயம்: நாவை அடக்குவதா, பேசுவதா?

ஏற்காடு ரைட்டர் கேட்கிறார்:

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக, வேலை பார்க்கிறேன். எங்கள் சபைக் கமிட்டியிலும் இருக்கிறேன். அறுப்பின் பண்டிகையன்று விசுவாசிகள் படைத்த காப்பிக்கொட்டை, மிளகு, ஆரஞ்சு, வாழைத்தார், கோழி எல்லாவற்றையும் வழக்கம்போல ஆராதனை முடிந்தபின் ஆலய வளாகத்திலேயே ஏலம் விட்டோம். ஏலம் எடுத்தவர்களின் பெயரும் தொகையும் ஒரு நோட்டில் எழுதப்பட்டன. பணம் வாங்கியதற்கு ரசீது தனிப் புத்தகத்தில் போடப்பட்டது. கமிட்டிக்காக இரண்டையும் ஒத்துப் பார்த்தபோது, நோட்டில் இருக்கும் சில தொகைகளுக்கு ரசீது இல்லை என்பதைக் கண்டேன்.

நான் வாய் திறப்பதற்கு முன்பே, ஏலப் பணத்தைப் பொருளாளர் எடுத்துக்கொண்டார் என்று சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் குரல் பதிவு போட்டுவிட்டார். அதன் கீழே ஆளுக்கொன்றாக எழுதிக்கொண்டே போகிறார்கள். பொருளாளரின் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை போலும். சபையில் மூத்தவரான என் மாமனார், "யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தை வாசியுங்கள், நாவை அடக்குங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். பேசினால் புறங்கூறுகிறவன் ஆவேனோ என்றும், பேசாமலிருந்தால் அநியாயத்துக்குத் துணைபோகிறேனோ என்றும் மனம் அலைகிறது. வசனத்தின்படி நான் செய்ய வேண்டியது என்ன?

அஸ்தம்பட்டி டீச்சர் பதில்:

தம்பி, உங்கள் மாமனார் சொன்ன அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். "உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக" என்றுதான் யாக்கோபு தொடங்குகிறார். போதிக்கிற இடத்தில் இருக்கிறவர்களுக்கு அதிக ஆக்கினை உண்டு என்கிறார். தன் சொல் எடுபடும் என்று அறிந்தவர்களுக்கே அந்த எச்சரிக்கை முதலில் போகிறது. கண்ட உண்மையைச் சொல்ல வேண்டியவரின் வாயை அடைப்பதற்கு அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. தான் கண்டதையும் அறிந்ததையும் தெரிவிக்காத சாட்சி தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்று லேவியராகமம் 5:1 சொல்கிறது. ஆகவே நீங்கள் பேசத்தான் வேண்டும். யாரிடம், எப்போது, எந்த அளவுக்கு என்பவைதான் தீர்மானிக்கப்பட வேண்டியவை.

இதற்கு அபிகாயிலைப் போல எனக்கு உதவிய ஆள் வேதத்தில் வேறொருவர் இல்லை. முதலாம் சாமுவேல் 25-ஆம் அதிகாரத்தில், தன் ஆட்களை அவமதித்த அவள் கணவன் நாபாலைப் பழிவாங்கத் தாவீது நானூறு பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு வருகிறான் என்று தெரிந்ததும், அவள் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் எதிரே போய், நீண்ட நேரம் துணிவாகவே பேசுகிறாள். வீடு திரும்பியபோது நாபால் விருந்தில் குடித்து வெறித்திருக்கிறான். அவனிடம் சிறிய காரியமோ பெரிய காரியமோ ஒன்றையும் பொழுது விடியுமட்டும் அவள் சொல்லவில்லை. வெறி தெளிந்தபின் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஒரே நாளில் ஒருவனிடம் உடனே பேசினாள், மற்றவனிடம் காலைவரை காத்திருந்தாள். இருவரிடமும் எதையும் மறைக்கவில்லை. வாட்ஸ்அப் குழு இப்போது இருக்கிற நிலையில் அங்கே எதைச் சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பொருளாளரிடம் போவதையோ நீங்கள் தள்ளிப்போடக் கூடாது.

போகும்போது குற்றச்சாட்டோடு போகாமல் கேள்வியோடு போங்கள். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்பது நீதிமொழிகள் 18:13. ரசீது இல்லை என்பது நீங்கள் கண்டது. பணம் இல்லை என்பதை நீங்கள் காணவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகர் பதில்:

சகோதரரே, நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2477-ஆம் எண்ணில், பிறருடைய நற்பெயருக்கு எதிரான குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரம் இல்லாமலே ஒருவரிடம் குற்றம் உண்டு என்று மனதுக்குள் ஏற்றுக்கொள்வது ஒன்று. பொய்யைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது இன்னொன்று. இவ்விரண்டும் பாவம் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வோம். ஆனால், தக்க காரணமில்லாமல் ஒருவருடைய உண்மையான குற்றத்தையே அதை அறியாதவர்களிடம் போய்ச் சொல்வதும் பாவம் என்று அது கூறுகிறது. "உண்மையைத்தானே சொன்னேன்" என்று நாம் அன்றாடம் சொல்லிக்கொள்ளும் சமாதானம் அங்கே நிற்பதில்லை. கெடுத்த பெயருக்கு ஈடுசெய்ய வேண்டிய கடமையும் உண்டு என்று 2487-ஆம் எண் சொல்கிறது. அந்தக் குரல் பதிவைக் கேட்டு அடுத்தவருக்கு அனுப்பியவர்கள் எல்லோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புனித அகுஸ்தினார் தம் உணவு மேசையிலேயே, இங்கே இல்லாதவரைப் பழித்துப் பேச விரும்புகிறவர் இந்த மேசைக்குத் தகுதியற்றவர் என்ற பொருளில் செய்யுள் வரிகளை எழுதி வைத்திருந்தார் என்று அவரோடு வாழ்ந்த ஆயர் பொசிதியுஸ் குறித்திருக்கிறார். ஒருமுறை நெருங்கிய நண்பர்களான ஆயர்களே அதை மறந்து பேசியபோது, அந்த வரிகளை அழித்துவிட வேண்டும், அல்லது நான் சாப்பாட்டின் நடுவே எழுந்து என் அறைக்குப் போய்விட வேண்டும் என்று அவர் கடிந்துகொண்டாராம். ஆயர்கள் என்று பார்த்து அவர் பேசாமல் இருந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். குழுவில் மூத்தவர்கள் எழுதுகிறார்கள் என்பதற்காக நாமும் தயங்க வேண்டியதில்லை.

எங்கள் கொலுசுத் தொழிலில் பட்டறைக்குக் கொடுத்த வெள்ளியின் எடையும் திரும்பி வரும் சரக்கின் எடையும் அப்படியே ஒத்துப்போவதில்லை. உருக்குவதிலும் அராவுவதிலும் சேதாரம் உண்டு. குறைந்தால் முதலில் தராசைச் சரிபார்ப்போம், பிறகு சேதாரக் கணக்கைப் போடுவோம், அப்புறம்தான் பட்டறைக்காரரைத் தனியே கூப்பிட்டு விசாரிப்போம். கடைவீதியில் நின்று சத்தம் போட்டால், மறுநாள் குறைந்த வெள்ளி கிடைத்துவிட்டாலும் அவருக்கு வேறு யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள்.

முன்னாள் பொருளாளர் பதில்:

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கவலை இருக்கிறது. "தனியே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஆலோசனை பல சபைகளில் கணக்கையே மூடிவைப்பதற்கு உதவிவிடுகிறது. ஒருவருடைய குற்றத்தைத் தனிமையில் உணர்த்துவது வேறு, சபையின் பணத்துக்குச் சபைக்கு முன்பாகக் கணக்குக் கொடுப்பது வேறு. எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது, தன் உடன் ஊழியனான தீத்துவோடு சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட வேறு சகோதரரையும் பவுல் ஏற்படுத்தினார். ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8:20, 21-இல் எழுதுகிறார். அப்போஸ்தலனே தன்மீது ஐயம் எழ இடம் வைக்கவில்லை. கணக்கை வெளிப்படையாக வாசிக்கும் சபையில் புறங்கூறுதலுக்குத் தீனி குறைவு.

ஏலக் கணக்கில் ஒரு நடைமுறையையும் பாருங்கள். ஒரு வாழைத்தாரைச் சந்தை விலையைவிடப் பல மடங்கு கேட்டு எடுப்பவர்கள் அன்றே பணம் கட்டுவதில்லை. "சம்பளம் வந்ததும் தருகிறேன்", "காப்பி விற்றதும் தருகிறேன்" என்பார்கள். நோட்டில் பெயரும் தொகையும் இருக்கும், பணம் வந்திருக்காது, ஆகையால் ரசீதும் இருக்காது. நான் பொருளாளராக இருந்த நாட்களில் அந்த நிலுவைகளைக் கேட்டு வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. நீங்கள் கண்ட தொகைகள் நிலுவையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர் பெயராக அவரோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு நிலுவைப் பட்டியலைக் கமிட்டியின் முன் வையுங்கள். உண்மையாகவே பணம் குறைந்தால், 1 தீமோத்தேயு 5:19 கேட்கிறபடி இரண்டு மூன்று சாட்சிகளோடு போதகரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்த வசனம் மூப்பனைக் குறித்துச் சொல்லப்பட்டதுதான், ஆனால் சபையில் பொறுப்பு வகிக்கும் எவருக்கும் அந்த நியாயத்தைக் கொடுப்பதே தகுதி.

ஏற்காடு ரைட்டர்:

அனைவருக்கும் நன்றி. நிலுவை என்ற கோணம் எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை மாலை பொருளாளர் வீட்டுக்கு இரண்டு புத்தகங்களோடும் போகிறேன். அதுவரை குழுவில் எதுவுமே எழுதாமல் இருந்தால், கமிட்டியில் உள்ள நானும் அந்தப் பதிவை ஆமோதிப்பதாக ஆகிவிடுமே. என்ன எழுதலாம், அம்மா?

அஸ்தம்பட்டி டீச்சர்:

தம்பி, ஒரே ஒரு செய்தி போதும்: "ஏலக் கணக்கைக் கமிட்டி சரிபார்த்துக்கொண்டிருக்கிறது; முடிந்ததும் சபையில் வாசிக்கப்படும். அதற்கு முன் யார் பெயரையும் சொல்லிக் குற்றப்படுத்த வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்." போதகரிடம் முதலில் காட்டி, அவர் சம்மதத்தோடு போடுங்கள். அதன்பின் யார் சீண்டினாலும் குழுவில் விவாதத்துக்குப் போகாதீர்கள். குரல் பதிவு போட்டவரிடம் தனியே போனில் பேசி, பொருளாளரின் பிள்ளைகள் அந்தக் குழுவில் இருப்பதைச் சொல்லி, பதிவை நீக்கும்படி கேளுங்கள். உங்கள் மாமனாரையும் சனிக்கிழமை கூடவே அழைத்துக்கொண்டு போக முடியுமானால், பொருளாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அழைத்துப் போங்கள்.