எவோ 9 செப்பாங்ல லீன் ஆகி (காத்துக்கு பெட்ரோல் பத்தாம) மூணாவது பிஸ்டன் போச்சு, காரணம் தெரியாம அடுத்த இன்ஜின் போட பயமா இருக்கு

பூன்லே_எவோ:

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிங்க. வண்டி மிட்சுபிஷி லான்சர் எவோ 9, இன்ஜின் 4ஜி63, சிங்கப்பூர்ல கார் வச்சிக்கிறதுக்கான சிஓஇ சர்டிபிகேட் பத்து வருஷத்துக்கு ரினியூ பண்ணது, இன்னும் நெறய பாக்கி இருக்கு அதனால ஸ்க்ராப்புக்கு அனுப்புற எண்ணம் இல்ல. ஸ்டாக் (கம்பெனில வந்த) டர்போ, ஸ்டாக் பிஸ்டன், மணிக்கு 255 லிட்டர் பெட்ரோல் பம்ப், பெரிய இன்ஜெக்டர், காத்த அளக்குற எம்ஏஎஃப் சென்சார கழட்டிட்டு ஸ்டாக் ஈசியுலயே (இன்ஜின் கம்ப்யூட்டர்) பிரஷர வச்சு காத்த கணக்கு போடுற ஸ்பீட் டென்சிட்டி ட்யூன், பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்து பிரஷர்) 1.5 பார். ட்யூன் பண்ணி ரொம்ப நாளாச்சு, ஒரு பிரச்சனையும் இல்லாம தினமும் ஆபீசுக்கு ஓட்டிட்டு இருந்தேன்.

போன மாசம் மலேசியாவுல செப்பாங் ரேஸ் ட்ராக்ல ட்ராக் டே. பேக் ஸ்ட்ரெய்ட்ல நாலாவது கியர்ல ஃபுல்லா அமுக்கும்போது திடீர்னு இழுவை கொறஞ்ச மாதிரி இருந்துச்சு, காலை எடுக்குறதுக்குள்ள பட்டுனு ஒரு சத்தம், கண்ணாடில பாத்தா பின்னாடி ஒரே புகை. ஓரங்கட்டி பானெட்ட தொறந்தா டிப்ஸ்டிக் தானா வெளிய தள்ளி நிக்குது, ஆயில் ஆவிய புடிக்கிற கேட்ச் கேன் வழிஞ்சு ஆயில் எல்லா பக்கமும். டோ லாரில ஏத்தி செகண்ட் லிங்க் பாலம் வழியா சிங்கப்பூருக்கு கொண்டு வந்தோம், அந்த செலவ நெனச்சாலே வயிறு எரியுது.

காக்கி புக்கிட்ல வொர்க்‌ஷாப்ல கம்ப்ரெஷன் பாத்தாங்க. 1, 2, 4 மூணு சிலிண்டரும் 150 பிஎஸ்ஐக்கு மேல, 3ல 60. ப்ளக் கழட்டுனா 3ல பீங்கான் முனை ஒடஞ்சிருக்கு, மேல வெள்ளி மணல் மாதிரி பொட்டு பொட்டா. வொர்க்‌ஷாப் சொல்றது ட்யூன் சரியில்ல, ஃபோர்ஜ்டு (அடிச்சு செஞ்ச உறுதியான) பிஸ்டன் போட்டு இன்ஜின் கட்டு. ட்யூனர் சொல்றாரு பம்ப் தேஞ்சிருக்கும். அங்க ஊத்துன 97 ஆக்டேன் பெட்ரோல் தான் காரணம்னு கூட வந்தவன் சொல்றான். யார நம்புறதுன்னே தெரியல. காரணம் தெரியாம அடுத்த இன்ஜின போட்டு அதுவும் போச்சுன்னா வீட்டுல என்னைய வெளிய தள்ளிடுவாங்க.

டர்போ_தம்பி:

மச்சி பெட்ரோல் தான். இங்க 98ல ட்யூன் பண்ண வண்டிக்கு அங்க 97 ஊத்துனா நாக் (பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கிறது) ஆகாம என்ன ஆகும்? முக்கா டேங்க் இங்கருந்து கொண்டு போனது செப்பாங் போய் சேரும்போதே பாதி காலி ஆயிருக்கும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தருக்கும் இதே கதை.

நாலு_வீல்_ராசா:

தம்பி, ஆக்டேன் கொறஞ்சா நாக் வரும், சரி. ஆனா ஆக்டேன் கொறஞ்சதுக்காக மிக்சர் லீன் ஆகாது, ரெண்டும் வேற வேற விஷயம். எக்சாஸ்ட்ல காத்து-பெட்ரோல் அளவ பாக்குற வைட்பேண்ட் சென்சாருக்கு நீ 95 ஊத்துனியா 98 ஊத்துனியான்னு தெரியாது. லீன்னு யாரு சொன்னாங்க, எத வச்சு சொன்னாங்க, அதுதான் மொதல்ல தெரியணும். பூன்லே ப்ரோ, லாக் (ஓட்டும்போது பதிவான டேட்டா) ஏதாச்சும் இருக்கா?

பழைய_ஸ்பானர்:

லாக் இல்லாம பேசுறது வெட்டிப் பேச்சு. அதோட ப்ரோ தயவுசெஞ்சு இன்ஜின திரும்ப ஸ்டார்ட் பண்ணி பாக்காதீங்க, வொர்க்‌ஷாப்ல ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேக்கலாம்னு சொன்னாலும் வேணாம்னு சொல்லுங்க. ரிங்லேண்ட் (பிஸ்டன்ல ரிங் உக்கார்ற விளிம்பு) ஒடஞ்சு துண்டு உள்ள கிடந்தா போர் (சிலிண்டர்) சுவர கீறிடும், இப்ப காப்பாத்தக்கூடிய ப்ளாக் அப்புறம் கிடைக்காது. போர்ஸ்கோப் (குட்டி கேமரா) விட்டு நாலு சிலிண்டரும் பாக்க சொல்லுங்க, மூணாவது மட்டும் இல்ல.

பூன்லே_எவோ:

அண்ணே நன்றி. லாக் இருக்கு! ஈசியு டேட்டா எடுக்குற ஓபிடி கேபிள்ல மெமரி கார்டு போட்டு வச்சிருக்கேன், தானா எழுதும், வைட்பேண்டும் அதுலயே வயர் பண்ணிருக்கு. வொர்க்‌ஷாப்ல யாருமே அத கேக்கல. இன்னைக்கு தான் எடுத்து பாத்தேன், கடைசி ரவுண்டுல இருந்து கொஞ்சம் (ஏஎஃப்ஆர்னா ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தன பங்கு காத்து, நம்பர் ஏறுனா லீன்):

3,300 ஆர்பிஎம், பூஸ்ட் 0.6, ஏஎஃப்ஆர் 13.2
3,600 ஆர்பிஎம், பூஸ்ட் 1.0, ஏஎஃப்ஆர் 14.0
4,700 ஆர்பிஎம், பூஸ்ட் 1.5, ஏஎஃப்ஆர் 15.7
5,100 ஆர்பிஎம், பூஸ்ட் 1.5, ஏஎஃப்ஆர் 15.9, இதோட நாக் சம் (நாக் எவ்ளோன்னு ஈசியு எண்ணுறது) ஏறிக்கிட்டே போகுது, அடுத்த வரில முடிஞ்சிருச்சு

ட்யூன் பண்ணப்போ குடுத்த ஷீட்ல 1.5 பார்ல 11.3ன்னு இருக்கு. ஐடில்ல லாங் டெர்ம் ட்ரிம் (பெட்ரோல ஈசியு கூட்டி கொறைக்கிற சதவீதம்) மைனஸ் 9 காட்டுது, அது ஏதோ ரிச்சா (பெட்ரோல் ஜாஸ்தியா) ஓடுறதா தானே அர்த்தம், அப்புறம் எப்படி லீன் ஆச்சுன்னு தான் ஒரே குழப்பம். இன்னொரு விஷயம், சம்பந்தம் இருக்கான்னு தெரியல, முன்னாடி ஓனர் போட்ட பூஸ்ட் கேஜ் கொஞ்ச நாளா கம்மியா காட்டிட்டு இருந்துச்சு, லாக்ல 1.5 வரும்போது முள்ளு 1 கிட்ட தான் நிக்கும். கேஜ் பழசாச்சுன்னு விட்டுட்டேன்.

டர்போ_தம்பி:

ஐயோ 15.9 அடிச்சும் வண்டி ஓடுச்சா. சரி பெட்ரோல் மேட்டர நான் வாபஸ் வாங்குறேன் லா. அப்ப பம்ப் தான்.

நாலு_வீல்_ராசா:

பம்ப் இல்லன்னு நெனைக்கிறேன். 3,600ல ஏற்கனவே 14.0 வந்திருச்சு பாருங்க. அந்த ஆர்பிஎம்ல இன்ஜின் குடிக்கிற பெட்ரோல் ரொம்ப கம்மி, தேஞ்ச பம்ப் கூட அத சமாளிக்கும். பம்ப் முடியாம போனா மேல 6,000 கிட்ட, மொத்த தேவை அதிகமாகும்போது தான் லீன் ஆக ஆரம்பிக்கும், கீழ ஷீட்ல இருக்கிற மாதிரியே ஓடும். இங்க ஆர்பிஎம் பின்னாடி போகல, பூஸ்ட் பின்னாடி போகுது. பூஸ்ட் ஏற ஏற லீன்.

பழைய_ஸ்பானர்:

ராசா பாதி கண்டுபுடிச்சிட்டாரு. மீதி நான் சொல்றேன், அந்த கேஜ் விஷயத்த ப்ரோ சொன்னது நல்லதா போச்சு.

எவோ 9ல ரிட்டர்ன் டைப் பெட்ரோல் லைன், மிச்ச பெட்ரோல் டேங்குக்கே திரும்பும். பெட்ரோல் பிரஷர கட்டுப்படுத்துற ரெகுலேட்டருக்கு இன்டேக் மேனிஃபோல்ட்ல இருந்து ஒரு சின்ன வேக்யூம் ஹோஸ் வரும். பேஸ் பிரஷர் 3 பார். மேனிஃபோல்ட்ல 1.5 பார் பூஸ்ட் வந்தா இன்ஜெக்டருக்கு பெட்ரோல் குடுக்குற ரயில்ல பிரஷர் 4.5 ஆகணும், அப்ப தான் இன்ஜெக்டர் முனைக்கு உள்ள வெளிய வித்தியாசம் எப்பவும் 3 பாரா நிக்கும். ட்யூன் பண்ற ஆளு இத நம்பி தான் மேப் போடுறாரு. இப்ப அந்த ஹோஸ் கழண்டு விழுந்துச்சுன்னு வைங்க, ரெகுலேட்டருக்கு பூஸ்ட் வந்ததே தெரியாது, ரயில் 3லயே நிக்கும், வெளிய 1.5 பார் எதிர்த்து தள்ளுது, மிச்ச வித்தியாசம் 1.5 தான். பெட்ரோல் போற அளவு வித்தியாசத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி, பாதி வித்தியாசம்னா 0.707, அதாவது 29 சதவீதம் பெட்ரோல் கம்மி. 11.3ஐ 0.707ஆல வகுங்க, 16.0. உங்க லாக்ல 15.9. 1 பார்ல போட்டு பாருங்க, மூணுல ரெண்டு பங்கு, வர்க்கமூலம் 0.816, ஷீட்ல அங்க 11.5 மாதிரி இருந்தா 14.1 வரும். உங்களுக்கு 14.0. நான் உங்க வண்டிய பாக்கவே இல்ல ஆனா கணக்கு ஒட்டிக்கிட்டு வருது.

ஐடில்ல மைனஸ் 9 ஏன்? அதே ஹோஸ் தான். ஐடில்ல மேனிஃபோல்ட்ல 0.6 பார் வேக்யூம், ஹோஸ் இருந்தா ரயில் 2.4க்கு எறங்கும். ஹோஸ் இல்லன்னா 3லயே நிக்கும், வித்தியாசம் 3.6 ஆயிடும், சுமார் 9, 10 சதவீதம் பெட்ரோல் கூடுதலா போகும், ஆக்சிஜன் சென்சார் பாத்து ஈசியு அத கொறைக்கும், அது தான் அந்த மைனஸ். பம்ப் தேஞ்சிருந்தா ட்ரிம் மாறாம இருக்கும், இல்ல ப்ளஸ் பக்கம் போயிருக்கும், அதனால மைனஸ் வராது. சிங்கப்பூர்ல பிஐஇ சிடிஇன்னு எக்ஸ்பிரஸ்வேல சாதாரணமா போற வரைக்கும் ஈசியு ட்ரிம்ம வச்சே சமாளிச்சிட்டு இருந்திருக்கு, அதனால உங்களுக்கு ஒண்ணுமே தெரியல. ஃபுல் பூஸ்ட்ல ஓப்பன் லூப், சென்சார பாத்து ஈசியு திருத்தாது, அங்க ட்யூனர் எழுதின நம்பர் தான், சரி பண்ண யாரும் இல்ல.

கேஜ் கம்மியா காட்டுனது: முன்னாடி ஓனர் அந்த ஹோஸ்ல தான் டி (மூணு வழி இணைப்பு) போட்டு கேஜுக்கு எடுத்திருப்பாரு, நான் பாத்த முக்காவாசி பழைய எவோல அப்படி தான் இருக்கும். ஒரு முனை தொறந்து கிடந்தா காத்து வெளிய போகும், கேஜுக்கு மிச்சம் தான் வரும்.

பெடோக்_பூஸ்ட்:

எல்லாம் சரி அண்ணே, ஆனா ஹோஸ் விழுந்தா நாலு சிலிண்டரும் தானே லீன் ஆகணும்? மூணாவது மட்டும் போச்சுன்னா இன்ஜெக்டர் அடைச்சிருக்கும்னு தான் எனக்கு தோணுது. டர்போவுக்கு பின்னாடி டவுன்பைப்ல இருக்கிற வைட்பேண்ட் நாலோட சராசரிய தான் காட்டும்.

பழைய_ஸ்பானர்:

நல்ல கேள்வி. நாலும் லீன் தான் ஆச்சு, ஆனா நாலும் ஒரே சூட்டுல ஓடாது, நடுவுல இருக்கிற சிலிண்டருக்கு கொஞ்சம் சூடு ஜாஸ்தி, எது மொதல்ல தாங்க முடியாம போகுதோ அது போகும். அவர் காலை எடுத்திட்டாரு, இன்னும் பத்து நொடி அமுக்கியிருந்தா பக்கத்துலயும் போயிருக்கும். ஒரே ஒரு இன்ஜெக்டர் அடைச்சா சராசரி 15.9 வராது, மத்த மூணும் 11.3ல இருந்தா சராசரி அவ்ளோ தூரம் போகாது, அந்த ஒரு சிலிண்டருக்கு பெட்ரோலே போகலன்னாலும் 15.1 கிட்ட தான் நிக்கும். ஆனாலும் இன்ஜெக்டர கழட்டி ஃப்ளோ டெஸ்ட் பண்ண சொல்லுங்க, எப்படியும் இன்ஜின் வெளிய வரப்போகுது, அதுல மிச்சம் புடிக்காதீங்க.

டெஸ்டுக்கு இன்ஜின் ஓட வேண்டாம். ரயில்ல ஒரு பிரஷர் கேஜ் மாட்டி, பேட்டரிக்கு சார்ஜர் போட்டு, பம்புக்கு மட்டும் கரண்ட் குடுங்க, 3 பார் நிக்கணும். ரெகுலேட்டர் மூக்குல சைக்கிள் பம்ப மாட்டி 1.5 பார் ஏத்துங்க, ரயில் 4.5க்கு ஏறணும். ஏறுனா ரெகுலேட்டர் நல்லா இருக்கு. அப்படியே ரிட்டர்ன் ஹோஸ ஒரு கேனுக்குள்ள விட்டு ஒரு நிமிஷம் ஓட விடுங்க, அந்த பிரஷர்லயும் மூணு லிட்டர் பக்கமா வந்தா பம்பும் நல்லா இருக்கு. இத வொர்க்‌ஷாப்ல பண்ணுங்க, தீயணைப்பான பக்கத்துல வச்சுக்கங்க. எச்டிபி வீட்டு கார் பார்க்ல பண்ணி அக்கம்பக்கத்து ஆளுங்க தீயணைப்பு படைய கூப்பிட்டா நான் பொறுப்பு இல்ல.

பூன்லே_எவோ:

அண்ணே கைய குடுங்க. இன்னைக்கு மத்தியானம் போய் பாத்தோம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடில கைய விட்டா ரெகுலேட்டர் மூக்கு வெறுமனே நிக்குது, ஹோஸ் பக்கத்துல தொங்குது. முனை கல்லு மாதிரி கெட்டியாகி வாய் விரிஞ்சு கிடக்கு, க்ளாம்ப் இல்ல, கேபிள் டை கூட இல்ல. மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது, கைல தான் தடவி பாக்கணும். நீங்க சொன்ன மாதிரியே டி போட்டு ஒரு கிளை கேஜுக்கு போகுது.

சைக்கிள் பம்ப்ல 1.5 ஏத்துனதும் ரயில் 4.5க்கு நேரா போச்சு. பம்ப் மூணு லிட்டருக்கு கொஞ்சம் மேலயே ஊத்துச்சு. மெக்கானிக்கே ஒரு நிமிஷம் பேசாம நின்னாரு. போர்ஸ்கோப்ல 3ல எக்சாஸ்ட் பக்கம் பிஸ்டன் ஓரம் உருகி ரிங் வெளிய தெரியுது, 2ல ஓரம் லேசா சொரசொரன்னு இருக்கு, 1ம் 4ம் சுத்தம். போர்ல மூணாவதுல மட்டும் கீறல்.

இப்ப வொர்க்‌ஷாப் ரெண்டு வழி சொல்றாங்க: ஹாஃப் கட்ல (பாதியா வெட்டுன பழைய கார்) இருந்து எடுத்த யூஸ்டு இன்ஜின், இல்லன்னா இதே ப்ளாக்க போர் பண்ணி ஃபோர்ஜ்டு பிஸ்டன். எது பண்ணலாம்?

நாலு_வீல்_ராசா:

கீறல் ஆழம் இல்லன்னா இதே ப்ளாக். 85 எம்எம் போர், 85.5 ஓவர்சைஸ் பிஸ்டன் தாராளமா கிடைக்கும். இங்க பெரிய லாபம் என்னன்னா இன்ஜின் நம்பர் ப்ளாக்ல தான் அடிச்சிருக்கு, ப்ளாக் மாறலன்னா நம்பர் மாறாது. யூஸ்டு இன்ஜின் போட்டா எல்டிஏ (போக்குவரத்து ஆணையம்) அப்ரூவல், பேப்பர், இன்ஸ்பெக்‌ஷன்னு தனியா அலையணும். யூஸ்டு இன்ஜின் உள்ள என்ன நெலமைல இருக்குன்னும் யாருக்கும் தெரியாது, மைலேஜ் சும்மா வாய் வார்த்தை தான்.

பழைய_ஸ்பானர்:

ராசா சொன்னது தான். இன்னும் மூணு நாலு விஷயம், வொர்க்‌ஷாப்ல மறந்துடுவாங்க அதனால நீங்க கேளுங்க. பிஸ்டன் உருகுன அலுமினியம் எக்சாஸ்ட் வழியா டர்போ வீல்ல மோதியிருக்கும், டர்பைன் பக்கம் கழட்டி இறக்கை நுனிய விரலால தடவி பாருங்க. ஆயில் கூலர கழுவுனா போதும்னு சொல்லுவாங்க, போதாது, உள்ள மாட்டுன பொடி புது பேரிங்க தின்னுடும், கூலர மாத்துங்க. ஆயில் பம்ப தொறந்து பாக்க சொல்லுங்க.

ரெகுலேட்டர் ஹோஸ மேனிஃபோல்ட்ல இருந்து தனியா ஒரு நிப்பிள்ல எடுங்க, அதுல டி கி எதுவும் போடாதீங்க, கேஜுக்கு வேற நிப்பிள். சிலிகான் ஹோஸ விட பெட்ரோல் ஆவிக்கு தாங்குற நல்ல ரப்பர் ஹோஸா வாங்கி ரெண்டு முனைலயும் க்ளாம்ப். ரயில்ல ஒரு ஃபியூயல் பிரஷர் சென்சார் போட்டு லாக்ல சேத்துடுங்க. ட்யூனர்கிட்ட லாக்க அனுப்பிடுங்க, அவர் மேல தப்பு இல்ல, பாவம்.

பூன்லே_எவோ:

சரி அண்ணே, அதே ப்ளாக்னு முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை இன்ஜின் எறக்குறாங்க. போரிங் பண்றதுக்கு டார்க் ப்ளேட் (ஹெட் மாட்டுன மாதிரி ப்ளாக்க இறுக்குற தட்டு) வச்சு பண்ற மெஷின் ஷாப் உபி பக்கமோ சின் மிங் பக்கமோ யாருக்காச்சும் தெரியுமா? வொர்க்‌ஷாப்ல அனுப்புற எடத்துல ப்ளேட் இல்லையாம்.

பெடோக்_பூஸ்ட்:

எனக்கு தெரியும், மெசேஜ் அனுப்புறேன். பிஸ்டன் கைக்கு வர்ற வரைக்கும் போர் பண்ண விடாதீங்க ப்ரோ, பிஸ்டன அளந்து பாத்துட்டு தான் க்ளியரன்ஸ் வைக்கணும்.