தீர்மானம் 181: வாக்கெடுப்புக்கும் மே 14க்கும் நடுவில் என்ன நடந்தது?

கேள்வி – தேன்மொழி_வ
1947 நவம்பர் 29 அன்று பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் திட்டம் (தீர்மானம் 181) ஐ.நா. பொதுச்சபையில் 33க்கு 13 என்று நிறைவேறியது. படித்த இடங்களில் எல்லாம் அங்கிருந்து நேரே இஸ்ரேல் பிறந்த 1948 மே 14க்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் ஐந்தரை மாதம் இருக்கிறதே! அரபு நாடுகள் எதிர்த்ததால் நின்றுபோனது என்ற ஒற்றை வரி போதவில்லை.

பதில் – குமரன்77
வாக்கெடுப்பையே கொஞ்சம் கவனியுங்கள். பிலிப்பைன்ஸின் கார்லோஸ் ரோமுலோ நவம்பர் 26 அன்று திட்டத்தை எதிர்த்துப் பேசினார். மூன்றே நாளில் அதே நாடு ஆதரித்து வாக்களித்தது. அமெரிக்காவிலிருந்து வந்த நெருக்கடி அப்படி. இந்தியா கடைசிவரை எதிர்ப்புதான்.

பதில் – பழைய_கோப்பு
அப்போது பாலஸ்தீனத்தை ஆண்டுகொண்டிருந்த பிரிட்டனிலிருந்து ஆரம்பியுங்கள். இரு தரப்பும் ஏற்காத திட்டத்தை நாங்கள் அமல்படுத்த மாட்டோம் என்று சொல்லிவிட்டு, வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஆட்சிப் பொறுப்பைப் படிப்படியாக ஏற்க ஐ.நா. ஓர் ஆணையம் அமைத்தது: பொலிவியா, செக்கோஸ்லோவாக்கியா, டென்மார்க், பனாமா, பிலிப்பைன்ஸ். இதில் ஒன்றாவது வல்லரசா, சொல்லுங்கள்.

மே 15 அன்று கிளம்புகிறோம், அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் ஆணையம் உள்ளே வரலாம் என்றது லண்டன். கல்யாணத் தேதி குறித்த பிறகு மண்டபச் சாவியைத் தராத கதை. மார்ச் தொடக்கத்தில் பாப்லோ தெ அஸ்காராத்தே தலைமையில் ஒரு சிறு முன்னோடிக் குழு மட்டும் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தது. யூதக் குடியேறிகளுக்காக ஒரு துறைமுகத்தைப் பிப்ரவரி 1க்குள் விட்டுத்தர வேண்டும் என்று தீர்மானம் கேட்டிருந்தது. அதுவும் நடக்கவில்லை.

ஆயுதப் படை இல்லாமல் எங்களால் முடியாது என்று பிப்ரவரியில் ஆணையம் பாதுகாப்பு கவுன்சிலிடம் கைவிரித்தது. அதற்கு அமெரிக்கத் தூதர் வாரன் ஆஸ்டின் 24ஆம் தேதி சொன்ன பதில் இருக்கிறதே, வக்கீல் மூளை: அமைதியைக் காக்கப் படையைப் பயன்படுத்தலாம், பிரிவினையைத் திணிக்க முடியாது. ஐ.நா. படை என்று போனால் சோவியத் வீரர்களும் வந்துவிடுவார்களோ என்ற பயம் வாஷிங்டனுக்கு.

மார்ச் 18 அன்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் யூதத் தலைவர் வைஸ்மனை ரகசியமாகச் சந்தித்துப் பிரிவினைக்கு ஆதரவு என்று உறுதி சொன்னார். மறுநாளே ஆஸ்டின் எழுந்து, பிரிவினையை நிறுத்திவைத்துத் ஐ.நா. மேற்பார்வையில் தற்காலிக அறங்காவலர் ஆட்சி கொண்டுவரலாம் என்றார்! பொதுவாக அந்த யோசனைக்குத் தலையாட்டியிருந்த ட்ரூமனே கொதித்துப்போனார்.

பதில் – நெய்தல்
எல்லாவற்றையும் பிரிட்டன் தலையில் கட்டாதீர்கள். பாலஸ்தீன அரபுகளின் தலைமையான அரபு உயர்நிலைக் குழு ஆணையத்தோடு பேசவே மறுத்தது. டிரான்ஸ்ஜோர்டான் மன்னர் அப்துல்லா 1947 நவம்பரிலேயே யூதத் தரப்பின் கோல்டா மேயரை ரகசியமாகச் சந்தித்தவர். அவருடைய பிரதமர் பிப்ரவரியில் லண்டன் போய், அரபுப் பகுதிக்குள் தங்கள் படை நுழையும் என்று சொன்னபோது பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் பெவின் தடுக்கவில்லை. பாலஸ்தீன அரபு நாடு என்று ஒன்று உருவாவதில் இவர்கள் யாருக்கும் அக்கறை இல்லை.

பதில் – தேன்மொழி_வ
சரி, அந்த அறங்காவலர் ஆட்சி யோசனை என்ன ஆனது?

பதில் – பழைய_கோப்பு
நெய்தல் சொன்னது சரிதான், ஆனால் அதுவும் பிரிட்டன் கணக்கில்தான் வரும். அறங்காவலர் ஆட்சிக்கும் படை வேண்டுமே, யார் தருவார்கள்? ஏப்ரல் 16 அன்று பொதுச்சபைச் சிறப்புக் கூட்டம் தொடங்கியது, பேச்சு இழுத்துக்கொண்டே போனது. மே 14 அன்று இஸ்ரேல் நடைமுறைக்கு வந்து 11 நிமிடத்தில் ட்ரூமன் அங்கீகரித்துவிட்டார். சபையில் இருந்த அமெரிக்கக் குழுவுக்கே அது அதிர்ச்சி. அதே நாள் ஆணையத்தைக் கலைத்துவிட்டு, ஒரு மத்தியஸ்தரை நியமிக்க சபை முடிவெடுத்தது.