புதுப்பிப்பு: காரைக்குடி வீட்டு ரிசீவரில் 5.1 ஒலி கிடைத்துவிட்டது

தொலைக்காட்சியை ஏஆர்சி (தொலைக்காட்சியின் ஒலியை எச்டிஎம்ஐ கம்பி வழியே திருப்பி அனுப்பும் வசதி) வழியாக, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருடன் இணைத்தும் முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டு மட்டுமே ஒலிக்கின்றன என்று முன்பு கேட்டிருந்தேன்; அது தீர்ந்தது. தொலைக்காட்சியின் ஒலி வெளியீடு பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்றிருந்தது. ஏஆர்சியில் பிசிஎம் இரண்டு சேனல்களுக்கு மேல் செல்லாது என்பதால், அதைப் பிட்ஸ்ட்ரீம் (குறியீடாக்கிய ஒலியை அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் முறை) என மாற்றியவுடன் டால்பி டிஜிட்டல் 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் ஒரு சப்வூஃபருக்குமான சுற்றொலி, ரிசீவரை வந்தடைந்தது. ப்ளூ-ரே பிளேயரை மட்டும் ரிசீவரின் எச்டிஎம்ஐ உள்ளீட்டிலேயே நேரடியாகச் சொருகியிருக்கிறேன்; ஏனெனில், டால்பி ட்ரூஎச்டி போன்ற இழப்பில்லா ஒலியைத் தொலைக்காட்சி வழியே கொண்டுவர இஏஆர்சி (ஏஆர்சியின் மேம்பட்ட வடிவம்) வேண்டும், எங்கள் பழைய பெட்டியில் அது கிடையாது. ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் எதிரொலி மிகுதி. ஆகவே ஜமுக்காளம் விரித்த பிறகே ரிசீவரின் மைக்கை வைத்து ஸ்பீக்கர் அளவுகளைச் சரிசெய்தேன். அந்தச் சோதனை ஒலியை ஆச்சி சற்றும் ரசிக்கவில்லை.