அட்டாலியில் கிடக்கும் பைண்டு புத்தகங்கள்: காப்பதா, எடைக்குப் போடுவதா?

நொய்யல்கரை:
எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வார இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, காலிகோ துணியால் முதுகு வைத்து பைண்டு செய்த பதினோரு தொகுதிகளும், பழைய அம்புலிமாமா இதழ்கள் ஒரு கட்டும் கோபி வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், இருக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டப்போவதால், ஸ்கேன் செய்துவிட்டு எடைக்குப் போடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனம் வரவில்லை.

பவானிக்காரன்:
தம்பி சொல்வதே சரி. மலிவான செய்தித்தாள் காகிதத்தில் மரத்தின் லிக்னின் நீங்காமல் இருப்பதால், வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுப்பேறி நொறுங்கும். பழைய புத்தக வாசனை என்று நாம் முகர்ந்து மகிழ்வது, அந்தக் காகிதம் சிதையும்போது வெளிப்படும் ஆவியைத்தான். மைதாப் பசையோ இராமபாணப் பூச்சிக்கு விருந்து. கதை வேண்டுமென்றால் நல்ல தாளில் புதிய பதிப்பு கிடைக்கிறது.

தாராபுரத்து வாசகி:
கதை கிடைக்கிறது, படம் கிடைக்கிறதா, அண்ணா? 1950 முதல் 1954 வரை கல்கியில் ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது மணியம் வரைந்த முகங்களும் கொண்டைகளும் அணிகளுமே குந்தவையையும் வந்தியத்தேவனையும் வாசகர் மனத்தில் நிறுத்தின. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்களே இல்லை. எங்கள் பக்கத்துக் காரத்தொழுவில் 1924இல் பிறந்த ஓவியர் சங்கரை நினைத்துப் பாருங்கள். வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளுடன் நடக்கும் விக்கிரமாதித்தனை அம்புலிமாமாவில் அவர் வரைந்த பிறகு, வேறு விதமாக அந்த அரசனைக் கற்பனை செய்ய நம்மில் எத்தனை பேரால் முடியும்? (பத்மஸ்ரீ அவருக்கு 2021இல், மறைந்த பிறகுதான் வந்தது.) துத்தநாக பிளாக்கில் (படம் பொறித்த உலோக அச்சில்) அச்சான கோடு சில இடங்களில் தாளைச் சற்றே அழுத்தியிருக்கும்; பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் விரலுக்குத் தட்டுப்படும். ஸ்கேனில் அது வராது.

பவானிக்காரன்:
விரலுக்குத் தட்டுப்படுவது உண்மைதான், அம்மணி. ஆனால் நல்ல துல்லியத்தில் ஸ்கேன் செய்தால், கண்ணுக்குத் தப்பிய தூரிகை வீச்சைக்கூடப் பெரிதாக்கிப் பார்க்கலாம். வெளியூரில் இருப்பவரும் பார்க்கலாம். அட்டாலியில் இருப்பதை யார் பார்க்கிறார்கள்? நொய்யல்கரை அவர்கள் கடைசியாக அதை எப்போது திறந்தார்கள் என்று சொல்லட்டும்.

நொய்யல்கரை:
நியாயமான கேள்வி. போன பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது திறந்தேன். அதற்கு முன் எப்போது என்பது நினைவில்லை. ஏழாம் தொகுதியில் ஒரு வாரத்து இதழ் வந்து சேரவில்லை போலும். விடுபட்ட அத்தியாயத்தை அப்புச்சி யாரிடமோ இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத்தாளில் நீல மையால் முழுவதும் எழுதி, உரிய இடத்தில் சேர்த்துத் தைத்திருக்கிறார். படம் இருந்த இடத்தில், பென்சிலால் ஒரு குதிரையும் வீரனும். குதிரைக்கு மூன்று கால்கள்தாம் தெரிகின்றன.

பவானிக்காரன்:
ஏழாம் தொகுதியை எடைக்குப் போடாதீர்கள். மற்ற பத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை.