சனிக்கிழமை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு முன் எங்கள் குடும்பக் குழுவில்

28 நவம்பர் 2024, வியாழக்கிழமை

கொலம்பஸ் மாமா, மாலை 4:12
மாப்பிள்ளை, நாளை மறுநாள் நண்பகல் உங்கள் மிச்சிகன் அணி எந்தத் துணிச்சலில் எங்கள் ஊருக்கு வருகிறது? எங்கள் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி இந்தப் பருவத்தில் ஆடிய 11 ஆட்டங்களில் தோற்றது ஒன்றில்தான். அதுவும் ஓரிகன் மண்ணில், 32–31 என்று ஒரே புள்ளியில். அதே ஓரிகன் உங்கள் ஊரான ஆன் ஆர்பருக்கே வந்து உங்களை 38–17 என்று அடித்துவிட்டுப் போனது. உங்களை 20–15 என்று வென்ற இண்டியானாவை நாங்கள் போன வாரம்தான் 38–15 என்று திருப்பி அனுப்பினோம்.

அண்ணன், மாலை 4:25
கணக்கில் தவறில்லை, மாமா. ஆறு வெற்றி, ஐந்து தோல்வியோடு வரும் அணிக்கு வாய்வீரம் அழகல்ல. பந்தை எறிந்து ஆடும் எங்கள் பாஸ் ஆட்டத்தைப் பற்றிப் பேசாமலிருப்பதே மரியாதை. உங்கள் பக்கமோ வில் ஹவர்ட் எறிய, எமேக்கா எக்புகாவும் முதலாண்டு மாணவன் ஜெரமையா ஸ்மித்தும் பிடிக்கிறார்கள். அவர்களைத் தடுக்க வேண்டிய எங்கள் வில் ஜான்சன் காயத்தால் ஒரு மாதத்துக்கு மேலாக ஆடவில்லை. ஆனால் எங்கள் தடுப்பு வரிசையின் நடுவில் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்டும் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் 300 பவுண்டுக்கு மேல். அவர்களுக்கு நடுவே பந்தோடு நுழைவது பூட்டிய கதவில் தோளால் மோதுவது போலத்தான்.

அம்மா, மாலை 4:31
அப்படியானால் தம்பியின் ஒஹாயோ அணி அந்த இருவர் பக்கமே போகாமல், ஓரமாக எறிந்து எறிந்து ஆடிவிட்டுப் போகலாமே?

அண்ணன், மாலை 4:38
அதைத்தான் செய்ய வேண்டும், அம்மா, ஆனால் செய்வார்களா என்பதுதான் என் சந்தேகம். 2021இல் 42–27 என்று தோற்றதிலிருந்து, ஒஹாயோவுக்கு முரட்டு ஆட்டம் வராது என்ற ஏச்சு அவர்கள் பயிற்சியாளர் ரயன் டேயைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பொய்யாக்கும் ரோஷத்தில், பந்தோடு ஓடும் ஜட்கின்ஸையும் ஹெண்டர்சனையும் நடுவிலேயே ஓடவிட்டால், ஸ்மித் ஓரத்தில் சும்மா நிற்பார். எங்களுக்கு அதைவிட என்ன வேண்டும்?

கொலம்பஸ் மாமா, மாலை 4:50
இந்த இடத்தில் எனக்கும் கலக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எறிபவரைக் காக்கும் எங்கள் முன்வரிசையில் இடது ஓரத்தில் (லெஃப்ட் டேக்கிள்) நிற்கும் சிம்மன்ஸ் ஓரிகன் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டுப் போனார். அதே வரிசையின் நடுவில் (சென்டர்) நிற்கும் மெக்லாஃப்லினுக்கு இந்த மாதம் குதிகால் தசைநாண் அறுந்துபோயிற்று. சென்டருக்குப் பக்கத்தில் கார்டாக இருந்த டானவன் ஜாக்சனை இடது ஓரத்துக்கு நகர்த்தி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஆனால் வெறியையும் கணக்கில் சேர், மாப்பிள்ளை. 1934 முதல் மிச்சிகனை வெல்லும் ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வீரர்களுக்குச் சின்னஞ்சிறு தங்கக் கால்சட்டைப் பதக்கம் ஒன்று கிடைக்கும். எக்புகா, ஜாக் சாயர் போல 2021இல் சேர்ந்தவர்கள் மூன்று முறை மோதியும் கையில் ஒன்றுகூட இல்லை. இன்று காலை வளாகத்தில் நடந்தபோது பலகைகளில் இருந்த ‘எம்’ எழுத்தின்மேல் சிவப்பு நாடாவைக் குறுக்கே ஒட்டியிருந்தார்கள். ஒரு பலகையில் நாடா காற்றில் பிய்ந்து தொங்க, அந்த வழியாகப் போன மாணவி நின்று அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள்.

அம்மா, மாலை 4:56
அதெல்லாம் சரி, தம்பி, எத்தனைக்கு எத்தனை?

கொலம்பஸ் மாமா, மாலை 4:58
34–13, அக்கா.

அண்ணன், மாலை 5:03
ஒஹாயோ வெல்லும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பந்தயம் கட்டுபவர்கள் சொல்லும் 20 புள்ளி வித்தியாசத்தை நம்பவில்லை. என் கணக்கு 20–13. முதல் பாதியில் ஜட்கின்ஸ் நடுவில் ஓடி எத்தனை யார்டு எடுக்கிறார் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருங்கள், மாமா.