14 மாசப் பாப்பாவுக்குக் கட்டியா எது கொடுத்தாலும் ஓங்கரிப்பு: கோபி, ஈரோடு பக்கத்துல யாராச்சும் வழி சொல்லுங்க

பாப்பா 34 வாரத்துல பிறந்தவ. முன்கூட்டிப் பிறந்த 6 வாரத்தைக் கழிச்சா பன்னிரண்டரை மாசம். முதல் 12 நாள் மூக்குக் குழாய் வழியாத்தான் பால். இப்ப எடை 8.1 கிலோ, கடைசி 2 மாசத்துல 150 கிராம்தான் ஏறியிருக்கு. பல்லு 6.

மிக்சியில அரைச்ச ராகிக்கூழ், பருப்புச் சாதம் நல்லா இறங்குது. ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் ஓங்கரிச்சு மொத்தத்தையும் வாந்தி எடுத்துடறா. தண்ணி குடிச்சா இருமல் இல்லை, குரல் கரகரப்பில்லை, சளிக்காய்ச்சலும் இல்லை. அதனால புரையேறுற பிரச்சினை மாதிரி தெரியலைங்க. குழந்தை டாக்டரும் தொண்டை, நாக்கு பார்த்து நல்லாயிருக்குன்னுட்டார்.

6 வாரமா செஞ்சு பார்த்தது: அரிசிம்பருப்புச் சாதத்தைக் குழைய வேகவெச்சு, அரைக்கிற நேரத்தை 3 நாளைக்கொருக்கா குறைச்சோம், பாதி மசியல் வந்ததும் நின்னுபோச்சு. ரசஞ்சாதத்தை நிறுத்திட்டோம். தண்ணியும் பருக்கையும் ஒண்ணா வந்தா வாய்க்கு அதுதான் ரொம்பச் சிரமம். பால் குடிச்சு இரண்டரை மணி நேரம் கழிச்சுத்தான் சாப்பாடு. காலுக்கு முட்டு வெச்சு நிமிர்ந்து உட்கார வெக்கிறோம், 25 நிமிஷத்துக்கு மேல இழுக்கறதில்லை, செல்போன் காட்டறதில்லை. நேந்திரன் பழத்தை ஆவியில வேகவெச்சுக் கையில கொடுத்தா பிசைஞ்சு விளையாடுவா, வாய்க்குக் கொண்டுபோக மாட்டா. அம்மிச்சி மடியில படுக்கவெச்சு ஊட்டச் சொல்றாங்க. புரையேறிடும்னு அதை மட்டும் செய்யலை.

கோபியிலிருந்து கோவைக்குள்ள, குழந்தை சாப்பிடறதை நேர்ல பார்த்து, மெல்லவும் விழுங்கவும் பழக்கித் தர்ற பேச்சுப் பயிற்சியாளரோ (ஸ்பீச் தெரபிஸ்ட்) செயல்வழிச் சிகிச்சையாளரோ (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) எங்க இருக்காங்க?