பொருள்: நாய்களின் முதுகு வட்டு நோய்க்கான லேசர் சிகிச்சை – சொல் வேண்டும்

> “லேசர் வட்டு நீக்கம்” என்றே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம். “நீக்கம்” பொருந்தாது. வட்டு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. முள்ளெலும்பிடை வட்டுக்கு வெளியே நார் வளையம், உள்ளே ஈரமான கூழ். நாய்க்கு மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே தோல் வழியாக ஊசியைக் கூழுக்குள் இறக்குகிறார்கள். ஊசிக்குள் மெல்லிய ஒளியிழை போகிறது. அதன் வழியே பாயும் ஹோல்மியம்-யாக் லேசரின் அலைநீளம் சுமார் 2100 நானோமீட்டர். நீர் அதை உடனே உறிஞ்சிக்கொள்வதால் சூடு இழை நுனியைத் தாண்டி அதிகம் பரவுவதில்லை, தண்டுவடமும் தப்பிக்கிறது. கூழில் ஒரு பகுதி ஆவியாகிறது, மிச்சம் நாளடைவில் நாராக இறுகுகிறது. பிறகு பிதுங்குவதற்கு அங்கே அதிகம் இருக்காது. வழக்கமாக 10–11ஆம் மார்பு முள்ளெலும்புகளின் இடைவெளியில் தொடங்கி 3–4ஆம் இடுப்பு முள்ளெலும்புகளின் இடைவெளி வரை, 7 வட்டுகளுக்கும் ஒரே அமர்வில் செய்கிறார்கள். டாக்ஸ்ஹவுண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களுக்கு வட்டு பெரும்பாலும் பிதுங்குவது இங்கேதான்.

என் முன்மொழிவு: தோல்வழி லேசர் கருத்தீய்ப்பு (“கரு” என்பது வட்டின் நடுவிலுள்ள கூழ்).

---

> கருத்தீய்ப்பு

ஐயா, “தீய்ப்பு” மிகப் பொருத்தம். “கரு” மட்டும் வேண்டாம். பெண் நாயை வளர்ப்பவர் ஒப்புதல் படிவத்தில் இதைக் கண்டால் கருக்கலைப்பு என்றே நினைப்பார். “வட்டுக்கூழ்த் தீய்ப்பு” என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

விளக்கத்தில் “வருமுன் காப்பு” என்பதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். தண்டுவடக் குழாய்க்குள் ஏற்கெனவே பிதுங்கிவிட்ட கூழை இந்தச் சிகிச்சை வெளியே எடுக்காது. பின்னங்கால் செயலிழந்து, விரலை அழுத்தமாகக் கிள்ளினாலும் வலி தெரியாத நாய்க்கு முள்ளெலும்பைத் திறந்து கூழை அகற்றும் அவசர அறுவையே தேவை. பெயரைப் பார்த்து ஏமாந்து அங்கே நேரத்தை இழந்துவிடக் கூடாது. சிக்கல்களையும் எழுதுங்கள்: ஊசி தவறினால் மார்புக்கூட்டுக்குள் காற்று புகலாம்; பின்னாளில் வட்டில் கிருமித்தொற்று வரலாம்.

---

> லேசர் என்றாலே தீய்ப்புதானா?

இல்லை. தோலின் மேல் வைத்துப் பாய்ச்சும் குறைதிறன் லேசர் எதையும் தீய்ப்பதில்லை. அறுவைக்குப் பின் நரம்பு தேறுவதற்காகத் தருவது அது. 2012இல் வந்த ஓர் ஆய்வில் இதைப் பெற்ற நாய்கள் சீக்கிரம் நடந்தன. 2017இல் வந்த இன்னோர் ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை. எனவே “லேசர் சிகிச்சை” என்ற பொதுப்பெயரை இரண்டுக்கும் தவிர்த்து, குறைதிறன் லேசருக்கு “லேசர் ஒளித்தூண்டல்” எனக் கலைச்சொல் பட்டியலில் தனிப்பதிவு இடுவோம். “ஒளி மருத்துவம்” வேண்டாம். பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலைக்கு ஒளி பாய்ச்சும் சிகிச்சையின் பதிவோடு மோதும்.